டிராக்டருக்கு இரண்டாவது பாட்டரி தேவையா?

நாஞ்சில்நாட்டில் கன்னிப்பூ அறுவடை முடிந்து கும்பப்பூ நடவுக்கு வயலைத் தயார் செய்யக் கிடைக்கும் நாட்கள் மிகக் குறைவு. அந்தச் சில வாரங்களில் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டாரங்களில் ஒரு டிராக்டருக்குப் பல பேர் காத்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஒரு காலையில், சாவியைத் திருப்பியதும் 'டிக்' என்ற சத்தத்தோடு வண்டி அடங்கிவிட்டால் அன்றைய உழவு போயிற்று. ரோட்டில் நிற்கும் வண்டியையாவது நாலு பேர் சேர்ந்து தள்ளலாம். தொளியில் கேஜ் வீலோடு நிற்கும் டிராக்டரைத் தள்ள முடியாது.

இப்படி இரண்டு தடவை நடந்துவிட்டால், இன்னொரு பாட்டரி வைத்துவிடலாம் என்ற யோசனை வருவது இயல்பே. மலையோரத்தில் பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் இதே யோசனை உண்டு. ஆனால் பாட்டரி, அதை வைக்க இரும்புப் பெட்டி, தடித்த வயர், இணைப்புச் சுவிட்ச், கூலி என்று எல்லாம் சேர்ந்தால் செலவு பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ பயிர் செய்து, மிச்ச நாளில் வண்டியை வாடகைக்கு ஓட்டும் விவசாயிக்கு இது சிறிய தொகை அல்ல. பணத்தை எடுக்கும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டாவது பாட்டரி தேவைப்படாது என்றே அந்தக் கணக்கு சொல்லும்.

கைப்பிடியைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் பவர் டில்லர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

ஸ்டார்ட் செய்ய எவ்வளவு போதும்?

டிராக்டரின் செல்ப் மோட்டார் என்ஜினைச் சுற்றும்போது 200 முதல் 300 ஆம்பியர் வரை இழுக்கும். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அது நாலைந்து வினாடிக்குத்தான். 250 ஆம்பியர் வீதம் 5 வினாடி இழுத்தால் செலவாவது ஏறத்தாழ 0.35 ஆம்பியர்-மணி மட்டுமே. (பாட்டரியின் மேல் ஏ.எச். என்று போட்டிருப்பது இந்த ஆம்பியர்-மணியைத்தான்.) டிராக்டரில் இருப்பது சாதாரணமாக 75 அல்லது 88 ஆம்பியர்-மணி பாட்டரி. நெல் நிறைந்த பத்தாயத்திலிருந்து ஒரு பிடி எடுப்பது போன்றது இது. என்ஜின் ஓடத் தொடங்கிவிட்டால் விளக்கு, ஹாரன் எல்லாவற்றையும் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் பார்த்துக்கொள்ளும்; எடுத்ததைப் பாட்டரிக்குத் திருப்பியும் கொடுத்துவிடும்.

ஆகவே, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்பதற்காக இரண்டாவது பாட்டரி வைப்பது தவறான மருந்து. என்ஜின் நின்றிருக்கும் நேரத்தில் எதற்கெல்லாம், எவ்வளவு நேரம் மின்சாரம் எடுக்கிறோம் என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

பனி கொட்டும் நாடுகளில் நிலைமை வேறு. பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரிக் குளிரில் பாட்டரியின் பலம் பாதிக்கும் கீழே போய்விடும். என்ஜின் எண்ணெயும் இறுகிக்கொள்ளும். அங்கே ஸ்டார்ட் செய்வதற்கே இரண்டு பாட்டரி வைத்த வண்டிகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் நாள் கணக்கில் ஜீப்பில் சுற்றுபவர்கள், இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டி ஓடுவதற்காகத் தனிப் பாட்டரி வைத்துக்கொள்கிறார்கள். பூதப்பாண்டியிலோ சுசீந்திரத்திலோ குளிர் என்ஜினைத் தடுப்பதில்லை. இங்கே பாட்டரிக்குச் சத்துரு வெயில்தான். வெயிலில் தண்ணீர் சீக்கிரம் வற்றும். தகடுகள் சீக்கிரம் கெடும்.

முதலில் இருக்கும் பாட்டரியைச் சோதியுங்கள்

மின் பொருட்கள் விற்கும் கடையில் சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கும். இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் சாவி போடுமுன் பாட்டரியின் இரு முனைகளிலும் அதை வைத்துப் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் பாட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி.

பிறகு ஒருவர் செல்ப் அடிக்க, மற்றவர் மீட்டரைக் கவனிக்கலாம். நிறைந்த பாட்டரி அப்போதும் சுமார் 10 வோல்ட் அளவில் நிற்கும். 9.6-க்குக் கீழே விழுந்தால் பாட்டரி தளர்ந்துவிட்டது என்று பொருள். என்ஜின் ஓடும்போது, வேகத்தைச் சற்றுக் கூட்டி, மீண்டும் பார்க்க வேண்டும். 13.8-லிருந்து 14.4 வரை காட்டினால் சார்ஜ் சரியாக ஏறுகிறது. 13-க்கும் கீழே நின்றால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஆல்டர்னேட்டரில் கார்பன் தேய்ந்திருக்கலாம், கட்-அவுட் பழுதாகியிருக்கலாம். பெல்ட்டை முறுக்கச் செலவே இல்லை. சார்ஜ் ஏறாத வண்டியில் இரண்டாவது பாட்டரியை வைத்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும்.

பாட்டரி நிறைந்திருக்கிறது, ஆனாலும் செல்ப் எடுக்கவில்லை என்றால் முனைகளைப் பார்க்க வேண்டும். ராஜாக்கமங்கலம், குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டு முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். அதன் வழியே விளக்கு எரியும் அளவுக்கு மின்சாரம் போகும். செல்ப் சுற்றும் அளவுக்குப் போகாது. விளக்கு எரிகிறதே, பாட்டரியின் குற்றம்தான் போலிருக்கிறது என்று பலர் ஏமாறுவது இங்கேதான். சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கம்பி பிரஷால் தேய்த்து, துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவிவிட வேண்டும். கழற்றும்போது மைனஸ் வயரை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். ஸ்பானர் பிளஸ் முனையிலும் வண்டியின் இரும்பிலும் ஒருசேரப் பட்டால் பொறி பறக்கும். சார்ஜ் ஆகும் பாட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயுவில் அந்தப் பொறி பட்டால் பாட்டரியே வெடிக்கும்.

எர்த் வயரையும் மறக்கக் கூடாது. சேற்றில் உழும் வண்டியில் அது பாடியோடு சேரும் இடத்தில் துருப்பிடித்துப் போவது சர்வ சாதாரணம். செல்ப் அடிக்கும்போது பாட்டரியின் மைனஸ் முனைக்கும் என்ஜின் இரும்புக்கும் இடையே மீட்டரை வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் அந்த வயரை மாற்றினாலே காரியம் முடிந்தது.

மூடி திறக்கும் பாட்டரியானால் ஆறு அறைகளிலும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்க்கலாம். நிறைந்த பாட்டரியில் 1240 முதல் 1280 வரை காட்டும். ஐந்து அறையில் 1250, ஓர் அறையில் மட்டும் 1150 என்றிருந்தால் அந்த அறை போய்விட்டது. அந்தப் பாட்டரியை மாற்றத்தான் வேண்டும். அதற்குத் துணையாக இன்னொன்றை இணைத்தால், கெட்டது நல்லதையும் உறிஞ்சிக் கெடுத்துவிடும்.

கணக்கு போடும் விதம்

சோதனையில் எல்லாம் சரி என்று வந்த பிறகுதான் கணக்கு. ஒவ்வொரு பொருளின் வாட்டையும் 12-ஆல் வகுத்தால் ஆம்பியர் வரும். அதை மணியால் பெருக்க வேண்டும். என்ஜின் நின்றிருக்கும் மணி மட்டும்தான் கணக்கில் சேரும்.

களத்தில் நெல் கிடக்கிறது. இரவு 7 மணி முதல் 10 மணி வரை டிராக்டரின் இரண்டு 35 வாட் விளக்கு எரிகிறது. ரேடியோப் பெட்டியும் பாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்குக்கு ஏறக்குறைய 6 ஆம்பியர், ரேடியோவுக்கு 2 ஆம்பியர். மூன்று மணிக்கு 24 ஆம்பியர்-மணி. 75 ஆம்பியர்-மணி பாட்டரியில் இது மூன்றில் ஒரு பங்கு. ஸ்டார்ட் செய்வதற்கென்று செய்த பாட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு என்பது தாங்கக்கூடியதே. மறுநாள் இரண்டு மூன்று மணி நேரம் உழுதால் ஆல்டர்னேட்டர் அதில் பெரும்பகுதியை நிரப்பிவிடும். ஆக, இந்த வண்டிக்கு இரண்டாவது பாட்டரி வேண்டாம். அந்த இரண்டு விளக்கையும் மாற்றி 10 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு போட்டால் மூன்று மணிக்கு வெறும் 5 ஆம்பியர்-மணிதான். புதுப் பாட்டரி விலையில் பத்தில் ஒரு பங்கில் முடிகிற வேலை இது.

கோயில் கொடைக்கு மைக் செட் வைக்க டிராக்டர் பாட்டரியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மறுநாள் வண்டி கிளம்பவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. பாட்டரியை அடிவரை இறக்கிவிட்டால் அதன் ஆயுளில் ஒரு பகுதி அன்றோடு போயிற்று.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள் கணக்கில் இருளில் கிடந்தன. அப்படி ஒரு நாளுக்காகவாவது கூடுதல் பாட்டரி இருக்கட்டுமே என்று தோன்றும். வீட்டுக்கு மூன்று 10 வாட் எல்.இ.டி. விளக்கு ஐந்து மணி நேரம் எரிய 12.5 ஆம்பியர்-மணி போதும். இதை வண்டியில் இருக்கும் ஒரே பாட்டரியே கொடுக்கும். காலையில் ஒரு மணி நேரம் என்ஜினைச் சற்று வேகத்தில் ஓடவிட்டால் எடுத்ததில் பெரும்பகுதி திரும்பிவிடும்.

மலையோர ஜீப்

பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் கணக்கு மாறும். வாழைத் தோட்டத்தில் பன்றிக் காவலுக்கு 35 வாட் விளக்கு ஒன்று இரவு 10 மணி நேரம் எரிந்தால் 29 ஆம்பியர்-மணி. பகலில் 12 வோல்ட் பம்பால் நாலு மணி நேரம் மருந்து அடித்தால் 20. மொத்தம் 49. இது தினமும் என்றால் ஒரு பாட்டரி தாங்காது.

சரி, இரண்டாவது பாட்டரி வைக்கலாமா? அதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அந்த ஜீப் தினமும் எவ்வளவு நேரம் ஓடுகிறது? தோட்டத்திலிருந்து குலசேகரம் சந்தைக்குப் போய்வர 40 நிமிஷம் என்றால், விளக்குச் செலவு போகப் பாட்டரிக்கு 20 ஆம்பியர் வீதம் போனாலும் சேருவது 13 ஆம்பியர்-மணிதான். பழைய டைனமோ வண்டியானால் அதுவும் வராது. மெதுவாக ஓடும்போது டைனமோ அனேகமாக ஒன்றும் கொடுப்பதில்லை. தினமும் 36 ஆம்பியர்-மணி பற்றாக்குறை. இரண்டாவது பாட்டரி இந்தப் பற்றாக்குறையை இரண்டு நாள் தள்ளிப் போடும், அவ்வளவே. குளத்தைப் பெரிதாக வெட்டினாலும் சானலில் வருவது அதே தண்ணீர்தானே.

இத்தகைய இடத்தில் காவல் குடிசையிலேயே ஒரு டியூபுலர் பாட்டரியும், 100 வாட் சூரியப் பலகையும், அதற்கான சார்ஜ் கண்ட்ரோலரும் வைப்பது மேல். நல்ல வெயில் நாளில் அந்தப் பலகை 25 முதல் 30 ஆம்பியர்-மணி கொடுக்கும். மழைக்காலத்தில் குறையும் என்பதால் விளக்கை எல்.இ.டி.க்கு மாற்றுவது அவசியம். ஜீப் வீட்டில் நிற்கும் நாளிலும் விளக்கு எரியும்.

வண்டியிலேயே இரண்டாவது பாட்டரி உண்மையில் பயன்படுவது, தினமும் மூன்று நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடி, அதன் பிறகு நின்ற இடத்தில் பம்போ விளக்கோ வெகுநேரம் ஓட்ட வேண்டிய வண்டிகளுக்குத்தான். அவர்கள் வாங்க வேண்டியது இன்னொரு ஸ்டார்ட்டிங் பாட்டரி அல்ல. ஆழமாக இறங்கி ஏறும் டியூபுலர் ரகம். அளவு, தினச் செலவைப் போல் இரண்டு மடங்கு இருக்கட்டும்.

இணைக்கும்போது

இரண்டு பாட்டரியையும் நேராகச் சேர்த்துக் கட்டிவிடுவது பழக்கமாக இருக்கிறது. அப்படிச் செய்தால் பம்பு இரண்டையும் ஒன்றாகக் காலி செய்யும். காலையில் வண்டி கிளம்பாது. எந்தத் தொல்லைக்காகப் பணம் செலவழித்தோமோ அதே தொல்லை திரும்ப வரும். நடுவில் பிரித்துவைக்கும் ரிலே ஒன்று வேண்டும். என்ஜின் ஓடி வோல்ட் ஏறியதும் அது இரண்டையும் சேர்க்கும். என்ஜின் நின்று வோல்ட் இறங்கியதும் பிரித்துவிடும். கையால் திருப்பும் மெயின் சுவிட்ச் மலிவு, ஆனால் களைத்து வரும் மாலையில் அதைத் திருப்ப மறந்துவிடுவோம்.

பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்றுதான் சேர வேண்டும். மாறிச் சேர்த்தால் தீ பிடிக்கலாம். இரண்டு பாட்டரிக்கும் அருகிலேயே பிளஸ் வயரில் ஆளுக்கொரு பியூஸ் இருக்க வேண்டும். நடுவில் ஒன்று போட்டால் போதாது. வயர் உரசி இரும்பில் பட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் மின்சாரம் பாயும். வயர் 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. லித்தியம் பாட்டரியை ஈயப் பாட்டரியோடு நேராக இணைக்கக் கூடாது. இரண்டுக்கும் சார்ஜ் முறை வேறு.

நிற்கும் காலம்

பிப்ரவரி முடிவில் சானல் அடைத்தபின் டிராக்டருக்கு வேலை குறையும். வெயிலில் சும்மா நிற்கும் பழைய ரகப் பாட்டரி, ஒன்றும் எடுக்காமலே மாதத்துக்கு நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை இறங்கும். இறங்கிய நிலையில் வெகுநாள் கிடந்தால் தகட்டில் உப்புப் படிந்து, பிறகு சார்ஜ் ஏறாது. ஜூனில் தண்ணீர் திறக்கும்போது 'புதுப் பாட்டரி போட்டு இரண்டு வருஷம்கூட ஆகவில்லையே' என்று கேட்கும் நிலை இப்படித்தான் வருகிறது. மைனஸ் வயரைக் கழற்றி வைப்பதும், தகடு மூழ்கும்படி டிஸ்டில்டு வாட்டர் விடுவதும், மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றுவதும் போதும். கிணற்றுத் தண்ணீரோ ஆசிடோ ஊற்றக் கூடாது. ஆசிட் கையில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கெட்டுப்போன பாட்டரியை வீட்டில் உடைத்து ஈயம் எடுக்க வேண்டாம்; அந்த ஈயத் தூசி குழந்தைகளுக்கு விஷம். பழையதைக் கடையில் கொடுத்தால் எடைக்குத் தக்க தொகையைப் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள்.