யூ.எஸ்.பி. டிஸ்க் பாதியில் மறைகிறதா?

என் புராஜெக்ட் முழுவதும் ஒரே ஒரு யூ.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. வேறு காப்பி கிடையாது. லினக்ஸ் கம்ப்யூட்டரில் செருகிப் பெரிய ஃபைலைக் காப்பி செய்தால், பாதியில் டிஸ்க் காணாமல் போய்விடும். "டிஸ்க் போச்சுடா, ஃபார்மேட் பண்ணிடு" என்றான் நண்பன். நல்லவேளை, நான் பண்ணவில்லை!

முதலில் டெர்மினலில் 'டிமெஸ்ஜி' கட்டளை கொடுங்கள். கெர்னல் எழுதிவைத்த செய்திகள் வரும். அதில் 'ரீசெட்', 'டிஸ்கனெக்ட்' என்று திரும்பத் திரும்ப வந்தால், டிஸ்க்கைவிட இணைப்பின் மீதே முதல் சந்தேகம் வர வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

1. கேபிள்: நல்ல, குட்டையான கேபிளை ஹப் இல்லாமல் நேராகப் பின்பக்க போர்ட்டில் செருகவும்.

2. மின்சாரம்: யூ.எஸ்.பி. 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரை தரும், 3.0 போர்ட் 900 வரை. சுழலும் டிஸ்க் கிளம்பும்போது இதற்கு மேலும் இழுக்கலாம். தனி அடாப்டர் உள்ள ஹப் உதவும்.

3. டிரைவர்: சில டிஸ்க் பெட்டிகளின் சிப், வேகமான 'யூ.ஏ.எஸ்.' டிரைவரோடு ஒத்துப்போகாது. அந்த டிஸ்க்குக்கு மட்டும் அதை நிறுத்தி, பழைய 'யூ.எஸ்.பி. ஸ்டோரேஜ்' டிரைவருக்கு மாற்றலாம். வேகம் கொஞ்சம் குறையும்.

என் விஷயத்தில் குற்றவாளி கேபிள்தான்! மாற்றியதும் முதல் வேலையாக இன்னொரு காப்பி எடுத்தேன்.

பிடுங்கும் முன் 'அன்மவுண்ட்' செய்ய மறக்காதீர்கள். காரணம் தெரியாமல் ஃபார்மேட் செய்வது வைத்தியம் ஆகாது.