யாரை வைத்திருப்பது, யாரைக் கொடுப்பது?

மார்ச் பிறந்து வீரர் மாற்றத்துக்கான கடைசி நாள் நெருங்கிவிட்டால், ஸ்கார்பரோவில் எங்கள் பிள்ளைகள் இரவிரவாகக் கதைப்பது ஒன்றைத்தான்: ரொறன்ரோவின் ஐஸ் ஹொக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸ் இம்முறை எந்த இளம் வீரரைக் கொடுக்கும்? இதையே தொழிலாகப் படித்து, அணிகளுக்கு ஆள் தேடித்தரும் ஸ்கவுட்டாகவோ ஆட்டத் தரவை ஆராய்பவராகவோ வர விரும்பும் தம்பி தங்கச்சிமாரும் இருக்கிறார்கள். இந்த ஆட்டத்தை நெடுங்காலம் பார்த்துவருகிறவன் என்ற உரிமையில் அவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன்.

1. வருகிறவரை முதலில் பாருங்கள். போகிற பையனைப் பற்றியே எல்லாரும் கதைப்பார்கள். வாஷிங்டன் 2012 டிராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தெரிவுசெய்யும் நிகழ்வில்) 11ஆவதாக எடுத்த ஃபிலிப் ஃபோர்ஸ்பெர்க்கை அடுத்த ஏப்ரலிலேயே நாஷ்விலுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்தவர்கள் 31 வயது மார்ட்டின் எராட்டும் மைக்கல் லாட்டாவும். ஒரு வருடம் முடியமுன் எராட் ஃபீனிக்ஸுக்குப் போய்விட்டார். ஃபோர்ஸ்பெர்க்கோ நாஷ்வில் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர் ஆனார். அவர் இவ்வளவு தூரம் வளர்வார் என்று அன்று யாராலும் அறுதியிட்டுச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் எராட்டின் வயது அன்றே தெரியும். தெரிந்த ஒன்றுக்கு உரிய எடை கொடுக்காமல் விட்டதுதான் அங்கே நடந்த பிழை.

2. ஸ்டான்லி கோப்பை வந்தது என்பதற்காக எல்லா மாற்றமும் சரியாகிவிடாது. வேகாஸ் கோல்டன் நைட்ஸின் கணக்கை நீங்கள் ஒருமுறை உட்கார்ந்து எழுதிப் பார்க்கவேண்டும். 2017இல் தனது முதல் டிராஃப்டின் முதல் சுற்றிலேயே அந்த அணி மூவரை எடுத்தது: 6ஆவதாகக் கோடி கிளாஸ், 13ஆவதாக நிக் சுசுக்கி, 15ஆவதாக எரிக் பிரான்ஸ்ட்ரோம். 2021 கோடைக்குள் மூவரையும் கொடுத்து முடித்துவிட்டது.

மூன்றும் மூன்று விதம். பிரான்ஸ்ட்ரோமை முதன்மையாக வைத்து 2019 பெப்ரவரியில் ஒட்டாவாவிடமிருந்து மார்க் ஸ்டோனை வாங்கினார்கள். கையோடு அவருடன் எட்டு வருட ஒப்பந்தமும் செய்தார்கள். 2023 ஜூனில் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் ஃபுளோரிடாவுக்கு எதிராக மூன்று கோல் அடித்துக் கோப்பையைத் தூக்கிய கப்டன் அவர்தான். இது சுத்தமான வெற்றி. சுசுக்கியையும் தோமஸ் டாட்டாரையும் கொடுத்து மொன்றியலிடம் மக்ஸ் பசியோரெட்டியை வாங்கியதை நான் நட்டம் என்றே எழுதுவேன். அவரைச் சம்பள நெருக்கடியால் 2022இல் கரோலினாவுக்குச் சும்மா தூக்கிக் கொடுக்க வேண்டி வந்தது. அதே வருடம் சுசுக்கி மொன்றியலின் கப்டன் ஆனார். கிளாஸின் கதை வேறு: வைத்திருந்து வைத்திருந்து விலை இறங்கிய பிறகுதான் கொடுத்தார்கள், பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரே அணி, ஒரே டிராஃப்ட். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனித் தீர்ப்பு எழுதவேண்டும்.

3. பிறந்த திகதியைக் கேளுங்கள். செப்டெம்பர் 15தான் டிராஃப்டுக்கான வயதைக் கணக்கிடும் வெட்டு நாள். ஓஸ்டன் மத்தியூஸ் பிறந்தது 1997 செப்டெம்பர் 17. இரண்டு நாளால் 2015 டிராஃப்டைத் தவறவிட்டு, சுவிட்சர்லாந்தில் பெரியவர்களோடு ஒரு பருவம் ஆடிவிட்டு, 2016இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். ஒரே டிராஃப்டில் நிற்கும் இரண்டு பையன்களுக்கிடையே கிட்டத்தட்ட ஒரு வயது வித்தியாசம் இருக்கலாம். அந்த வயதில் ஒரு வருடம் பெரிய விஷயம். ஜூனியர் லீக்கில் 19 வயதுப் பையன் 17 வயதுப் பிள்ளைகளுக்கு எதிராகக் குவிக்கும் புள்ளிகளைப் பார்த்து மயங்காதீர்கள்.

4. பக் (ஆட்டத் தட்டு) இல்லாத நேரத்தில் பையனைப் பாருங்கள். தொலைக்காட்சியில் இது தெரியாது. கமரா பக்கின் பின்னாலேயே ஓடும். கொக்கா கோலா கொலிசியத்தில் லீஃப்ஸின் துணை அணியான மார்லீஸ் ஆடும்போது போய், மேல் வரிசையில் இருந்து, ஒரு தற்காப்பு வீரரை மட்டும் ஒரு முழுப் பகுதிக்குக் கவனியுங்கள். தன் பக்கத்து மூலைக்குள் பக்கை எடுக்கப் பின்னோக்கிப் போகிறார். எதிரி முதுகில் வந்து ஏறப்போகிறார். பக்கைத் தொடுவதற்கு முன் தோளுக்கு மேலாக எத்தனை தரம் திரும்பிப் பார்க்கிறார்? இரண்டு தரம் பார்த்தவருக்கு அடுத்து எங்கே கொடுப்பது என்பது முன்பே தெரிந்திருக்கும். ஒருதரமும் பாராதவர் கண்ணாடியில் அடித்து வெளியேற்றிவிட்டு ஆள் மாறி பெஞ்சுக்குப் போவார். இந்தப் பழக்கம் புள்ளிப் பட்டியலில் வராது. ஆனால் உயர்ந்த லீக்கில் நிலைப்பாரா இல்லையா என்பதை இது சொல்லிவிடும்.

5. கோல்காப்பாளர் விஷயத்தில் பொறுமை வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் எவருக்கும் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. 2006 ஜனவரியில் உலக ஜூனியர் போட்டியில் தங்கம் வென்ற கனடாவின் காப்பாளர் ஜஸ்டின் பொகி. அதே போட்டியின் சிறந்த காப்பாளராகத் தெரிவானவர் பின்லாந்தின் டூக்கா ராஸ்க். இருவருமே லீஃப்ஸின் சொத்து. அந்த ஜூனிலேயே ராஸ்கைப் பொஸ்டனுக்குக் கொடுத்து அன்ட்ரூ ரேக்றொஃப்டை வாங்கினார்கள். ரேக்றொஃப்ட் இரண்டு பருவம் இருந்தார். பொகி அந்த உயர்ந்த லீக்கில் மொத்தம் ஏழு ஆட்டம்தான் ஆடினார். ராஸ்க் 2014இல் சிறந்த காப்பாளருக்கான வெசினா விருதை வாங்கினார். 2013, 2018, 2019 என மூன்று தடவை பிளேஓஃப் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் எங்களையே வீட்டுக்கு அனுப்பினார். இருபது வயதுக்குள் இருக்கும் இரண்டு காப்பாளர்களில் எவர் மேல் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உடனடித் தேவைக்காக அவர்களில் ஒருவரைக் கொடுக்காதீர்கள்.

6. விதிகளைப் படியுங்கள். ஓர் அணி 50 ஒப்பந்தங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஆகவே சில பையன்கள் போவது திறமைக் குறைவால் அல்ல, இடம் இல்லாததால். 18 முதல் 21 வயதுக்குள் கையெழுத்திடும் முதல் ஒப்பந்தம் மூன்று வருடம். 2025-26 நிலவரப்படி அடிப்படைச் சம்பளம் பத்து இலட்சம் டொலரைத் தாண்டாது. 2025-26 பருவத்தில் அணிக்கான சம்பள உச்சவரம்பு 9.55 கோடி டொலர். நட்சத்திரங்களுக்குக் கொட்டிக் கொடுக்கும் அணிக்கு, குறைந்த சம்பளத்தில் நன்றாக ஆடும் ஓர் இளையவர் பெரிய பலம். கோப்பைக்குப் போட்டியிடும் அணி இளையவர்களை எல்லாம் விற்றுவிடலாம் என்ற பேச்சு அதனால்தான் எனக்கு உடன்பாடில்லை.

பல்கலைக்கழகத்தில் ஆடுகிறவர்களின் மனதையும் விசாரித்து அறியுங்கள். பல்கலைக்கழகத்தில் ஆடிய அடம் ஃபொக்ஸ் நியூயோர்க் ரேஞ்சர்ஸுக்கே ஆட விரும்பினார். 2019இல் அவரது உரிமையை வைத்திருந்த கரோலினா அவரை ரேஞ்சர்ஸுக்குக் கொடுத்தபோது கிடைத்தது டிராஃப்ட் தெரிவுகள் மட்டும். இரண்டு வருடத்தில் அவர் சிறந்த தற்காப்பாளருக்கான நோரிஸ் விருதை வென்றார். கையெழுத்திட மாட்டார் என்பது ஊருக்கே தெரிந்த பிறகு பேரம் பேச என்ன இருக்கிறது?

7. உங்கள் அணி எடுத்த பையன் என்பதற்காக விலையைக் கூட்டாதீர்கள். அதே பையன் வேறு அணியில் இருந்தால் அவருக்காக எதைக் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள்.

8. நாம் எடைபோடுவது பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளை. ஒரு தொலைபேசி அழைப்பில் அவர்களின் ஊர், நண்பர்கள், பயிற்றுநர் எல்லாம் மாறிவிடும். அவரது ஆட்டத்தின் குறையைத் தாராளமாகச் சொல்லுங்கள். ஆளைக் கேவலமாகப் பேசாதீர்கள்.

9. தீர்ப்பை அன்றே எழுதி, திகதி போட்டு வையுங்கள். 2025 மார்ச்சில் லீஃப்ஸ் ஃபிரேசர் மின்டனையும் முதல் சுற்றுத் தெரிவு ஒன்றையும் பொஸ்டனுக்குக் கொடுத்துத் தற்காப்பாளர் பிரண்டன் கார்லோவை வாங்கியது. இன்னொரு இளம் வீரர் ஈஸ்டன் கோவனை விட்டுக்கொடுக்கவில்லை. கோவனைக் காத்தது சரி. ஆனால் 20 வயது மைய வீரர் மின்டனோடு முதல் சுற்றையும் சேர்த்துக் கொடுத்தது, கோல் அடிப்பதில் பெரிதாகப் பங்களிக்காத ஒரு தற்காப்பாளருக்குக் கூடுதலான விலை. இது என் தீர்ப்பு. உங்களுடையதைக் காரணத்தோடு எழுதி என்னிடம் கொண்டுவாருங்கள்.