நினைத்தவுடன் புறப்படுவது எப்படி? அரக்கு மலைப்பாதை தரும் பாடம்



மாதாப்பூரில் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ வந்து தங்கியிருக்கும் நம் தமிழ்ப் பெரியவர்கள் பலரை அன்றாடம் பார்க்கிறேன். காலையில் அடுக்ககத்தின் மதிலுக்குள் நடை, பிறகு பேரப்பிள்ளைகளைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிடுதல், மாலையில் மீண்டும் அதே நடை. ஊரில் இருந்தபோது கும்பகோணத்துக்கும் மதுரைக்கும் தனியாகப் போய்வந்தவர்கள், இங்கே மருந்துக் கடைக்குப் போகவும் துணை தேடுகிறார்கள். மொழி தெரியாது என்பது ஒரு காரணம். வேலைக்குப் போகும் பிள்ளைகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது இன்னொரு காரணம். நாளடைவில் எங்காவது போக வேண்டும் என்ற ஆசையே விட்டுப்போகிறது. ஆசை விட்டுப்போனவருக்குக் காலும் சீக்கிரம் விட்டுப்போகும் என்பதைப் பலரிடம் கண்டிருக்கிறேன்.

நம் பிள்ளைகளோ வேறு விதம். கூட வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் தன்னந்தனியே துருக்கிக்குப் போய், கப்படோக்கியாவில் பலூனில் பறந்த படத்தை அனுப்பினார் என்று மகன் காட்டினான். "திடீரென்று கிளம்பிவிட்டார் அப்பா" என்றான். அறுபது கடந்த நாமும் அப்படிக் கிளம்ப முடியுமா? முடியும் என்பதே இந்தப் பாடம். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் நமக்கு ஓர் இரவுத் தொலைவில் இருக்கும் அரக்குப் பள்ளத்தாக்கு.

1. 'திடீர்' என்பதன் பொருள்

நான் டிப்ளமா முடித்து ரயில்வேயின் இருப்புப்பாதைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ரயில்வேயில் திடீரென்று புறப்படும் வண்டி ஒன்று உண்டு. விபத்து நடந்த இடத்துக்குச் செல்லும் நிவாரண வண்டிதான் அது. எப்போது, எந்தத் திசையில் போக வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும், இரு முனையிலும் வெளியேற வழியுள்ள பாதையில் நிற்கும் மருத்துவ நிவாரண வண்டி, உத்தரவு வந்த 15 நிமிடங்களில் புறப்பட வேண்டும் என்பது விதி. பளுவான கருவிகள் கொண்ட வண்டிக்குப் பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம்.

இது எப்படி முடிகிறது? அந்த வண்டியில் மருந்து, விளக்கு, ஜாக்கி, கயிறு எல்லாம் ஆண்டு முழுவதும் அதனதன் இடத்தில் இருக்கும். அவ்வப்போது சோதிப்பார்கள். புறப்பாடுதான் திடீர், ஆயத்தம் நிரந்தரம். துருக்கி போன இளைஞருக்கும் கடவுச்சீட்டு, விசா, பணம் எல்லாம் கைவசம் இருந்திருக்கும். அவை இல்லாமல் வெறும் ஆசையை வைத்துக்கொண்டு யாரும் விமானம் ஏற முடியாது.

2. ஏன் அரக்கு?

தனியாகப் போகும் பெரியவருக்கு ஏற்ற இடம் என்றால் மூன்று குணங்கள் வேண்டும். கடைசி நேரத்திலும் சீட்டு கிடைக்க வேண்டும். போகும் வழியே பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். அப்போதுதான் இறங்கியபின் அதிகம் அலைய வேண்டியதில்லை. திரும்பி வர ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்க வேண்டும். அரக்குக்கு இந்த மூன்றும் உண்டு.

விசாகப்பட்டினத்திலிருந்து காலையில் கிரந்துல் வண்டி புறப்படுகிறது. ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் அரக்கு. இந்த வண்டியில் கண்ணாடிக் கூரை கொண்ட விஸ்டாடோம் பெட்டி 2017 ஏப்ரலில் சேர்க்கப்பட்டது. அதில் இடம் பிடிக்க முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியிருக்கும். ஆனால் அதே வண்டியில் முன்பதிவில்லாத சாதாரணப் பெட்டிகளும் உண்டு. அவற்றுக்குக் காலையில் நிலையத்துக்குப் போய்ச் சீட்டு வாங்கினால் போதும். மலை இரண்டு பெட்டிக்கும் ஒன்றுதான்.

துருக்கியிலும் இதே கதை நடந்திருக்கிறது. அங்காராவிலிருந்து கிழக்கே கார்ஸ் நகர் வரை 1,300 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் கிழக்கு விரைவு வண்டி, முன்பு உள்ளூர் மக்கள் போய்வரும் சாதாரண வண்டி. பனிமலைக் காட்சிகளின் படங்கள் பரவியதும் இளைஞர் கூட்டம் மொய்த்தது. சீட்டு கிடைப்பது அரிதாயிற்று. 2019-இல் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே தனி வண்டி ஒன்றை விட்டார்கள். புகழ் பெற்ற பெட்டியில் நினைத்தவுடன் ஏற முடியாது. நினைத்தவுடன் ஏற நினைப்பவர் சாதாரணப் பெட்டியையும், கூட்டமில்லாத நாளையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓய்வு பெற்ற நமக்குப் புதன்கிழமையும் ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றுதான். இந்த வசதி நம் பிள்ளைகளுக்கு இல்லை.

3. பாதையைப் படித்தல்

காட்சியை ரசிப்பதோடு, பாதை ஏன் இப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டால் பயணம் இரட்டிப்பு இனிமை.

கொத்தவலசையிலிருந்து கிரந்துல் வரை சுமார் 446 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதை, உல்லாசப் பயணிகளுக்காகப் போடப்பட்டதன்று. பஸ்தர் பகுதியின் பைலாடிலா மலையில் கிடைக்கும் இரும்புத் தாதுவை விசாகப்பட்டினம் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து ஜப்பானுக்கு அனுப்புவதற்காக, ஜப்பானின் உதவியோடு 1960-களில் கட்டப்பட்டது. ஆந்திரம், ஒடிசா, சத்தீஸ்கர் என இன்றைய மூன்று மாநிலங்களின் வழியே செல்கிறது. 58 சுரங்கங்கள், 84 பெரிய பாலங்கள்.

இத்தனை சுரங்கம் எதற்கு? நம் மேட்டுப்பாளையம்–உதகை பாதையை நினைத்துப் பாருங்கள். அங்கே ஏற்றம் ஏறத்தாழ 12-க்கு 1. அதாவது 12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயர்வு. அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் வைத்து, இஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. சிறிய வண்டிக்கு அது சரி. ஆயிரக்கணக்கான டன் தாதுவோடு வரும் அகலப்பாதை வண்டிக்கு அது ஆகாது. ஆகவே இங்கே ஏற்றத்தை 60-க்கு 1 என்ற அளவில் கட்டுப்படுத்தினார்கள். ஏற்றம் குறைய வேண்டுமானால் பாதை நீள வேண்டும். மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். குறுக்கே முகடு வந்தால் குடைய வேண்டும், பள்ளம் வந்தால் பாலம் கட்ட வேண்டும். நாம் ஜன்னலில் காணும் அழகெல்லாம் இந்தக் கணக்கின் பலன்.

எஸ். கோட்டா தாண்டி, போடவரா, சிவலிங்கபுரம், த்யாடா, சிமிடிபள்ளி என்று வண்டி ஏறிக்கொண்டே போகும். அடுத்து போரா குகலு. தெலுங்கில் 'குஹலு' என்றால் குகைகள். சுண்ணாம்புப் பாறையில் நீர் சொட்டிச் சொட்டிப் பல்லாயிரம் ஆண்டுகளில் உருவான தூண்களும் தொங்கல்களும் உள்ள பெருங்குகை அது. அந்தக் குகைக்கு மேலேதான் ரயில் பாதை செல்கிறது. பின்னர் சிமிலிகுடா, கடல் மட்டத்துக்கு மேல் 996 மீட்டர். 2008-இல் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் ரயில் ஓடத் தொடங்கும் வரை, இந்திய அகலப்பாதையில் மிக உயரமான நிலையம் என்ற பெருமை இதற்கு இருந்தது. அதற்கு அப்பால் வண்டி இறங்கி அரக்கை அடைகிறது.

மலைப்பாதையில் இன்னொன்றைக் கவனியுங்கள். ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. ஆகையால் சரிவில் உள்ள சில நிலையங்களில், முதன்மைப் பாதையிலிருந்து பிரிந்து மேட்டை நோக்கி ஏறி முடியும் ஒரு தனிப்பாதை இருக்கும். கேட்ச் சைடிங் என்போம். பிரேக் பிடிக்காமல் ஓடிவரும் வண்டியை அதில் திருப்பிவிட்டால், மேட்டில் ஏறி வேகம் தணிந்து நின்றுவிடும். என்றைக்கோ ஒருநாள் தேவைப்படலாம் என்பதற்காகப் போட்டுவைத்த பாதை அது. தனியாகப் போகிறவரும் தமக்கு இப்படி ஒரு வழி வைத்துக்கொள்ள வேண்டும்.

4. நான் போன விதம்

சென்ற டிசம்பரில் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு இந்த எண்ணம் வந்தது. என் மனைவி காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் தனியாக எங்கும் இரவு தங்கியதில்லை. மகனிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"யாரோடு போகிறீர்கள் அப்பா?"

"தனியாகத்தான்."

சற்று நேரம் பேசவில்லை. "ஞாயிற்றுக்கிழமை நானே காரில் கூட்டிக்கொண்டு போகிறேனே" என்றான்.

"அது வேறு பயணம், அதற்கும் வருகிறேன். இன்று நான் போய்வருகிறேன்" என்றேன்.

பிறகு வண்டி, தங்கும் இடம், திரும்பும் நாள் மூன்றையும் சொன்னேன். இரவு எட்டு மணிக்கு நானே கூப்பிடுவேன், இடையில் என்னைத் தேட வேண்டாம் என்றும் சொன்னேன். அவன் குரல் தெளிந்தது. பெற்றவரிடம் சொல்லிவிட்டுப் போவது பிள்ளைக்கு மரியாதை என்று வளர்த்தோம். இந்த வயதில் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போவது நமக்கும் மரியாதைதான். ஆனால் சொல்வது வேறு, அனுமதி கேட்பது வேறு. விவரம் முழுமையாக இருந்தால் அனுமதி என்ற பேச்சே எழுவதில்லை.

மாதாப்பூரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் செகந்திராபாத் கிழக்கில் இறங்கலாம். அங்கிருந்து பிற்பகல் புறப்படும் வந்தே பாரத் வண்டி, 2023 ஜனவரியில் தொடங்கியது. அன்றிரவே விசாகப்பட்டினம் சேர்க்கிறது. வாரத்தில் ஒரு நாள் ஓடாது. பயணிகள் பட்டியல் தயாரானபின் காலியாக இருக்கும் இடங்களை நடப்பு முன்பதிவில் தருவார்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. அது கிடைக்காவிட்டால் மாலை கோதாவரி விரைவு வண்டி என்று மனத்தில் வைத்திருந்தேன். இரவு நிலையத்துக்கு அருகே தங்கி, மறுநாள் காலை சாதாரணப் பெட்டியில் அரக்கு.

அங்கே ஒரு நாள்தான் தங்கினேன். பழங்குடி மக்கள் அருங்காட்சியகம், பத்மாபுரம் தோட்டம், ஒரு கோப்பை அரக்கு காபி. இந்தக் காபிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கும்பகோணத்துக் காபி குடித்து வளர்ந்த நாக்குக்கும் பிடிக்கிறது. மாலைப் பனியில் ஒரு திண்ணையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாருக்காகவும் எழ வேண்டியிருக்கவில்லை. மனைவி இருந்தால் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொள்ளச் சொல்லியிருப்பாள். நானே எடுத்துப் போர்த்திக்கொண்டேன். எட்டு மணிக்கு மகனைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

5. மொழியைப் பற்றி

தெலுங்கு தெரியாதே என்று தயங்க வேண்டாம். 'எக்கட' என்றால் எங்கே, 'எந்த' என்றால் எவ்வளவு, 'எப்புடு' என்றால் எப்போது, 'நீள்ளு' என்றால் தண்ணீர். இந்த நான்கும் போதும். ஓர் எச்சரிக்கை மட்டும். 'மந்து' என்பது நம் மருந்துதான். ஆனால் பேச்சு வழக்கில் மதுவுக்கும் அதே சொல். மருந்து வேண்டுமானால் 'மெடிக்கல் ஷாப்' என்றே கேளுங்கள். இல்லாவிட்டால் வேறு கடையைக் காட்டிவிடுவார்கள்!

6. பயிற்சி

இதைப் படித்து முடித்ததும் கீழ்க்கண்டவற்றை ஆயத்தம் செய்து வையுங்கள். எப்போது போவது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

அ) ஒரு சிறு பை. இரண்டு நாள் உடை, சால்வை, கைவிளக்கு, தொலைபேசி மின்னூட்டி. ஒரு கையால் தூக்க முடிய வேண்டும். டிசம்பர், ஜனவரியில் அரக்கில் குளிர் கடுமையாக இருக்கும்.

ஆ) ஐந்து நாள் மருந்து, மருத்துவர் சீட்டின் நகலோடு. போவது இரண்டு நாள்தான். மீதி மூன்று நாள் உங்கள் கேட்ச் சைடிங். மாதந்தோறும் புதிதாக மாற்றுங்கள்.

இ) அடையாள அட்டை, சில்லறையோடு கொஞ்சம் ரொக்கம். மலையில் தொலைபேசி வழியாகப் பணம் செலுத்துவதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஈ) ஒரு தாளில் பெயர், இரத்த வகை, நோய் விவரம், பிள்ளைகளின் எண். சட்டைப்பையில் இருக்கட்டும். ரயில்வே உதவிக்கு 139, அவசரத்துக்கு 112.

உ) திரும்ப இரண்டு வழிகள். அரக்கிலிருந்து மாலை வண்டி ஒன்று. அது தவறினால் விசாகப்பட்டினத்துக்குச் சாலை வழி, சுமார் 115 கிலோமீட்டர், பேருந்து உண்டு. கனமழைக் காலத்தில் மலைச்சரிவால் ரயில் நிறுத்தப்படுவதுண்டு. அப்போது போகாமலிருப்பதே நல்லது.

ஊ) முன்பதிவு செய்யும் வண்டிகளில் 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. திரும்பும் இரவு வண்டிக்கு இதைக் கேட்டுப் பெறுங்கள்.

முதல் முறையே அரக்கு வேண்டாம் என்று நினைப்பவர்கள், மெட்ரோவில் தனியாகச் செகந்திராபாத் வரை போய் ஒரு காபி குடித்துத் திரும்பலாம். அடுத்த வாரம் வாரங்கல் கோட்டை பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு வந்து சேரலாம். அதற்கடுத்து மலை.

தமிழில் விடைபெறும்போது 'போகிறேன்' என்று சொல்வதில்லை, 'போய்வருகிறேன்' என்கிறோம். போவதற்கு முன்பே வருவதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். பையை ஆயத்தமாக வைத்திருப்பவர் அந்தச் சொல்லை எந்தப் புதன்கிழமையிலும் துணிந்து சொல்லலாம்.