கைபேசியில் இருக்கும் எண் கணினியில் ஏன் இல்லை?

கேள்வி: நாங்கள் கல்யாண கான்ட்ராக்ட் சமையல் தொழில் செய்கிறோம். மண்டபம், மளிகைக்கடை, வாடிக்கையாளர் என எல்லா எண்களும் என் ஆண்ட்ராய்டு கைபேசியில் உள்ளன. கணக்கு வழக்கை என் கணவர் மடிக்கணினியில் பார்க்கிறார். என் கூகுள் கணக்கை அதிலும் திறந்தோம். பாதி எண்கள் வரவில்லை. வந்தவற்றில் பல இரண்டிரண்டாக இருக்கின்றன. அவர் கணினியில் சில பெயர்களை நீக்கியதும் என் கைபேசியிலிருந்தும் அவை போய்விட்டன. முகூர்த்தத் தேதிகளை இருவரும் பார்க்கவும் வழி சொல்லுங்கள்.
- வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் போன பெயர்களை மீட்டுவிடுங்கள், அதற்குக் கெடு உண்டு. கணினியில் கூகுள் காண்டாக்ட்ஸ் பக்கத்தைத் திறந்தால் இடப்பக்கம் குப்பைத்தொட்டி தெரியும். நீக்கிய பெயர்கள் அதில் 30 நாள் வரை இருக்கும். வேண்டியவற்றைத் தேர்ந்து மீட்டால், கைபேசிக்கும் தானாக வந்துவிடும்.

உங்கள் கருவிகளில் பழுது ஏதும் இல்லை. கூகுள் கணக்கில் சேமித்த எண்களைப் பொறுத்தவரை, கைபேசியும் கணினியும் கூகுள் சர்வரில் உள்ள ஒரே பட்டியலைத்தான் காட்டுகின்றன. ஓரிடத்தில் சேர்த்தால் இரண்டிலும் சேரும், ஓரிடத்தில் நீக்கினால் இரண்டிலும் போகும். இதுதான் சிங்க். இதைப் பாதுகாப்பு நகல் என்று நம்பிவிடக் கூடாது.

நகலைத் தனியாகத்தான் எடுக்க வேண்டும். அதே பக்கத்தில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து, விகார்டு கோப்பாக இறக்கி ஒரு பென்டிரைவில் வையுங்கள். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுமே இந்தக் கோப்பைப் படிக்கும். கீழே சொல்லும் வேலைகளை இந்த நகல் கைக்கு வந்த பிறகே தொடங்குங்கள்.

பாதி எண்கள் வராததற்குக் காரணம், அவற்றைச் சேமித்த இடம். ஆண்ட்ராய்டில் ஒரு எண்ணை சிம்மிலோ, கைபேசி நினைவகத்திலோ, கூகுள் கணக்கிலோ சேமிக்கலாம். கைபேசியில் மூன்றும் ஒரே பட்டியலாகக் கலந்து தெரியும். ஆனால் கணினிக்குப் போவது கூகுள் கணக்கில் உள்ளவை மட்டுமே. கைபேசியின் கூகுள் காண்டாக்ட்ஸ் செயலியில் சிம்மிலிருந்து இம்போர்ட் செய்யும் வசதி இருக்கிறது. கைபேசி நினைவகத்தில் உள்ளவற்றையும் சிங்க் செய்யச் சொல்லும் தேர்வு அதன் அமைப்புகளில் இருக்கிறது. இரண்டையும் முடித்ததும், இனிச் சேர்க்கும் எண்கள் கூகுள் கணக்கிலேயே பதியும்படி அமைத்துவிடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் அடுத்த சீசனில் இதே சிக்கல் திரும்ப வரும்.

ஒரே எண் கணக்கிலேயே இரண்டு முறை பதிவாகியிருப்பதால் இரட்டைப் பதிவுகள் வருகின்றன. அவற்றைக் கையால் நீக்க வேண்டாம். கணினியில் 'மெர்ஜ் அண்ட் ஃபிக்ஸ்' பகுதி, ஒன்றுபோல் இருப்பவற்றைச் சேர்த்துக் காட்டும். எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் இணைக்காமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். 'மளிகை செல்வம்' என்ற பெயரில் உங்களுக்கு இரண்டு பேர் இருக்கலாம்!

இனி முகூர்த்தத் தேதிகள். கணினியில் கூகுள் காலண்டரைத் திறந்து, 'முகூர்த்தம்' என்று தனியாக ஒரு காலண்டர் உருவாக்குங்கள். அதன் ஷேரிங் அமைப்பில் கணவரின் சொந்த மின்னஞ்சலைச் சேர்த்து, மாற்றம் செய்யும் உரிமையும் கொடுங்கள். அவர் தன் கைபேசியிலேயே தேதி பார்த்து முன்பணம் வாங்கலாம். அவர் குறித்தது உங்களுக்கும் உடனே தெரியும். தலைமைச் சமையல்காரருக்குப் பார்க்கும் உரிமை மட்டும் போதும். யாருக்கும் உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்கத் தேவையில்லை. காலண்டரின் இணைப்பு முகவரியை அவுட்லுக் போன்ற வேறு செயலியில் ஒட்டும் முறையும் உண்டு. அது ஒருவழிப் பாதை. அங்கிருந்து மாற்ற முடியாது, புதிய பதிவு வந்து சேரப் பல மணி நேரம்கூட ஆகலாம். ஒரே நாளுக்கு இரண்டு கல்யாணம் ஒப்புக்கொள்ளும் ஆபத்து இருக்கும் உங்கள் தொழிலுக்கு அது சரிப்படாது.

உங்கள் கணக்கில் இருப்பவை உங்கள் எண்கள் மட்டுமல்ல. உங்களை நம்பிய நூற்றுக்கணக்கான குடும்பங்களின் எண்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயம் இயக்குங்கள். மடிக்கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்முன் கணக்கிலிருந்து வெளியேறுங்கள்.

ஒவ்வொரு முகூர்த்த மாதமும் தொடங்கும்முன் ஒரு எக்ஸ்போர்ட் எடுப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். முதல் நகலை இன்றே எடுத்துவிடுங்கள்.