மாதிரிப் படகுக்கு எந்த டிரான்ஸ்மிட்டர்?

பாவுச்சா தக்காவிலிருந்து மோராவுக்கோ ரேவஸுக்கோ லாஞ்சில் போய் வந்த அன்பர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். பெரிய கப்பல் ஒன்று மெல்ல நகரும். அதன் விலாவில் குட்டையான, பருத்த ஒரு படகு மூக்கை வைத்து முட்டித் தள்ளிக்கொண்டிருக்கும். அதுதான் 'டக்' எனப்படும் இழுவைப் படகு. பல டக்குகளின் மேல்தளத்தில் தீயணைக்கும் நீர்ப்பீரங்கியும் இருக்கும். அதன் அவசியத்தை மும்பைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் 'ஃபோர்ட் ஸ்டிகின்' கப்பல் வெடித்தபோது உயிர் நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாகத்தான் இன்றும் அந்த நாளைத் தீயணைப்புப் பணி நாளாக நாடு முழுவதும் கடைப்பிடிக்கிறோம்.

மாதிரிப் படகு கட்ட விரும்பும் மாணவர்களுக்கு டக் மிக நல்ல உருவம். ஓடும், திரும்பும், நீர் பீய்ச்சும், நங்கூரம் இறக்கும், ஊதும், விளக்கு எரியும். தேசிய மாணவர் படையின் கடற்பிரிவில் கப்பல் மாதிரி கட்டுவது பயிற்சியிலேயே சேர்ந்தது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "தாத்தா, எந்த ரிமோட் வாங்கலாம்?" என்பதுதான். "முதலில் பேப்பரும் பேனாவும் எடு" என்பதே என் பதில். படகில் மிகுந்த விலை பெரும்பாலும் டிரான்ஸ்மிட்டருக்குத்தான். தவறாக வாங்கிவிட்டால், அரும்பாடுபட்டுக் கட்டிய நங்கூரமும் பீரங்கியும் அசையாத பொம்மைகளாக நின்றுவிடும்.

முதல் படகு

கம்பியில்லாமல் இயங்கிய முதல் படகை 1898ஆம் ஆண்டு நியூயார்க் மாடிசன் சதுக்க அரங்கில் நிகோலா டெஸ்லா மக்களுக்குக் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 8 அன்று அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார், எண் 613,809. அந்தப் படகு ஓடித் திரும்பியதோடு நிற்கவில்லை, விளக்குகளையும் மினுக்கியது. ஆக, படகைக் கரையிலிருந்து ஓட்ட வேண்டும், அதன் உறுப்புகளையும் இயக்க வேண்டும் என்ற இரண்டு ஆசைகளும் அன்றே ஒன்றாகத் தோன்றியவை.

வேலைப் பட்டியல்

ரயில்வே சிக்னல் கேபினில் லீவர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் அதனதன் லீவர் உண்டு. ஸ்டேஷனின் வரைபடத்தை வைத்து வேலைகளை எண்ணிய பிறகுதான் எத்தனை லீவர் என்று முடிவு செய்வார்கள். டிரான்ஸ்மிட்டரும் கையடக்கமான ஒரு லீவர் வரிசைதான். இதில் லீவருக்குப் பெயர் சேனல்.

வேலைகள் மூன்று வகைப்படும். முதல் வகை, அளவோடு இயங்க வேண்டியவை. சுக்கான் கொஞ்சம் திரும்ப வேண்டும், நிறையவும் திரும்ப வேண்டும். இரண்டாம் வகை, மூன்று நிலை கொண்டவை: நங்கூரம் மேலே, நிறுத்து, கீழே. மூன்றாம் வகை, எரி அல்லது அணை என்ற இரண்டே நிலை கொண்டவை.

இரட்டைப் புரொப்பெல்லர் கொண்ட ஒரு டக்கை எடுத்துக்கொள்வோம்.

1. சுக்கான்: அளவு
2. இடது மோட்டார், முன்னும் பின்னும்: அளவு
3. வலது மோட்டார், முன்னும் பின்னும்: அளவு
4. நீர்ப்பீரங்கியைத் திருப்புதல்: அளவு
5. நங்கூர வின்ச்: மூன்று நிலை
6. நீர் பம்பு: இரண்டு நிலை
7. வழி விளக்குகள்: இரண்டு நிலை
8. ராடார் சுழலுதல்: இரண்டு நிலை
9. தேடு விளக்கு: இரண்டு நிலை
10. ஊதல்: அழுத்தும்போது மட்டும்

மொத்தம் பத்து. வழி விளக்கு எரியும்போதே ராடாரும் சுற்றட்டும் என்று இணைத்தால் ஒன்பது. கேபினில் எதிர்காலத் தேவைக்கென்று சில லீவர்களைச் சும்மா விட்டு வெள்ளை வர்ணம் அடித்திருப்பார்கள். அதுபோல ஒன்றிரண்டு சேனலைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். படகு கட்டுகிறவனுக்கு ஆசை வளருமே தவிரக் குறையாது.

இதற்கு மாறாக, சுக்கான், ஒரு மோட்டார், விளக்கு மட்டும் உள்ள முதல் படகுக்கு நான்கு சேனல் தாராளம். துப்பாக்கிப் பிடியும் சக்கரமும் கொண்ட டிரான்ஸ்மிட்டர்கள் கார்களுக்கும் வேகப் படகுகளுக்கும் ஏற்றவை. அவற்றில் பெரும்பாலும் இரண்டு மூன்று சேனல்களே இருக்கும், டக்குக்குப் போதா.

மூன்று எண்ணிக்கை

பெட்டியில் '10 சேனல்' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. எண்ண வேண்டியவை மூன்று. டிரான்ஸ்மிட்டர் அனுப்பக்கூடிய சேனல்கள் எத்தனை? அவற்றை இயக்க முகப்பில் ஸ்டிக், சுவிட்ச், குமிழ் எல்லாம் சேர்த்து எத்தனை? படகுக்குள் வைக்கும் ரிசீவரில் செருகு வாய்கள் எத்தனை? மூன்றில் எது குறைவோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் எண்ணிக்கை. உதாரணமாக, ஃப்ளைஸ்கை எஃப்.எஸ்-ஐ6 ஆறு சேனல் கொண்டது, ஐ6எக்ஸ் பத்து சேனல் கொண்டது. ஆனால் பத்துச் சேனல் டிரான்ஸ்மிட்டரோடு ஆறு வாய் ரிசீவரைச் சேர்த்தால் நேரடியாகச் செருகக்கூடியவை ஆறுதான்.

சேனல் போதாவிட்டால் வேறு வழியும் உண்டு. ஒரே சேனலைக் காலத்தால் பல கூறுகளாகப் பிரித்து, எட்டுச் சுவிட்சுகளின் செய்தியை வரிசையாக அனுப்பும் 'மல்டி சுவிட்ச்' முறையை ஜெர்மனியின் படகு ஆர்வலர்கள் வெகுகாலமாகக் கையாண்டு வந்தார்கள். இதற்கு டிரான்ஸ்மிட்டரில் ஒரு பகுதியும் படகில் ஒரு பகுதியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். வாங்கும் முன்பே கேட்டுத் தெளிவது நலம்.

ஸ்டிக்கின் சுபாவம்

கடையில் கிடைக்கும் டிரான்ஸ்மிட்டர்களில் பல, விமானத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. விமானத்தில் வேக ஸ்டிக் அடியில் இருந்தால் எஞ்சின் நிற்கும், மேலே தள்ளினால் முழு வேகம். அதற்குப் பின்னோட்டம் கிடையாது. படகு அப்படியல்ல. ஸ்டிக் நடுவில் இருந்தால் நிற்கும், மேலே முன்னோட்டம், கீழே பின்னோட்டம். எனவே ஸ்டிக் நடுவில் வந்ததைக் கை உணர வேண்டும். கைவிட்டால் ஸ்பிரிங் அதை நடுவுக்குக் கொண்டுவரும் அமைப்பு சிறு பிள்ளைகளுக்கு நல்லது. ஸ்டிக்கை விட்டுவிட்டால் படகு நின்றுவிடும். துறைமுக டக் போல நிதானமாக ஓட்டுகிற பெரியவர்களுக்கு, வைத்த இடத்தில் நிற்கும் ஸ்டிக் வசதி. இரண்டு மோட்டாரைத் தனித்தனியே ஓட்டினால் இரண்டு நெடுக்கு ஸ்டிக்கும் ஒரே சுபாவமுள்ளவையாக இருக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. இவ்வகை டிரான்ஸ்மிட்டர்களில் சில, வேக ஸ்டிக் அடியில் இருந்தால்தான் வேலையைத் தொடங்கும். படகுக்கு அந்த நிலை முழுப் பின்னோட்டம்! ஆகவே முதலில் டிரான்ஸ்மிட்டரைப் போட்டு, ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே படகின் பாட்டரியை இணைக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் படகு, கடைசியில் டிரான்ஸ்மிட்டர்.

அலைவரிசை

முன்பு 27 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளில் கிரிஸ்டல் மாற்றி ஓட்டுவோம். ஒரே கிரிஸ்டல் எண்ணில் இருவர் ஒரே குளத்தில் ஓட்டினால் ஒருவர் படகை மற்றவர் கெடுப்பார். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டில் ரிசீவர் தன் டிரான்ஸ்மிட்டரை மட்டுமே அடையாளம் கண்டு கேட்கும். பலர் ஒரே நேரத்தில் ஓட்டலாம். இந்திய அரசு 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைக் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் இன்றிப் பயன்படுத்த 2005இல் அனுமதித்தது. கருவி வகை ஒப்புதல் பெற்றதா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

இந்த அலை தண்ணீருக்குள் நுழையாது. அதன் நீளம் சுமார் 12.5 செ.மீ.; ரிசீவர் ஏரியலின் வேலை செய்யும் நுனி அதில் கால் பங்கு, ஏறத்தாழ 31 மி.மீ. அந்த நுனியை நீர்மட்டத்துக்கு மேலே, மேல்தள அறைக்குள் நிமிர்த்தி வையுங்கள். வெட்டவோ மடக்கவோ கூடாது.

தொடர்பு அறுந்தால்?

கட்டுரையின் உயிர்நாடி இதுதான். ரயிலில் வேக்குவம் பிரேக் குழாய் அறுந்தால் பிரேக் தானே பிடிக்கும். சிக்னல் கம்பி அறுந்தால் கை தானே ஆபத்து நிலைக்குப் போகும். பழுது எப்போதும் பாதுகாப்பின் பக்கமே சாய வேண்டும் என்பது ரயில்வேயின் பாலபாடம்.

அந்தப் பாடத்தை மற்றவர்களுக்குச் சொன்ன நானே ஒருமுறை படகில் மறந்தேன். டிரான்ஸ்மிட்டர் பாட்டரி தீர்ந்தது. ரிசீவர் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டு பாதி வேகத்தில் ஓடியது. குளப்படியில் முழங்கால் தண்ணீரில் ஒரு குழந்தை நின்றிருந்தது. பக்கத்திலிருந்த அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். படகு படியில் மோதி மூக்கு உடைந்தது. மூக்கை ஒட்டிவிட்டேன்; அந்த அரை நிமிடத்தை இன்னும் மறக்கவில்லை.

எனவே 'ஃபெயில்சேஃப்' வசதி இல்லாத செட்டை வாங்கவே வேண்டாம். இருந்தாலும் அப்படியே நம்பிவிட வேண்டாம். விமானத்துக்கென அமைத்த ஃபெயில்சேஃப், தொடர்பு அறுந்ததும் வேகத்தை அடிநிலைக்குக் கொண்டுபோகும். விமானத்தில் அது நிறுத்தம். படகிலோ முழுப் பின்னோட்டம்! வேகம் நடுநிலை, சுக்கான் நேர், பம்பு நிறுத்தம் என்று நீங்களே அமைக்க வேண்டும். விளக்குகள் எரியட்டும், அந்தியில் படகைத் தேட உதவும்.

சோதிக்கும் முறை எளிது. படகை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து, புரொப்பெல்லர் பக்கம் கை போகாமல், மெதுவாக ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். ஓரிரு விநாடியில் மோட்டார் நிற்க வேண்டும். முன்னோட்டத்தில் ஒருமுறை, பின்னோட்டத்தில் ஒருமுறை. குளத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் இதைச் செய்யுங்கள்.

மின்சாரம்

ரிசீவர் செய்தியைத்தான் தரும், சக்தியைத் தராது. பம்பையும் வின்ச்சையும் ரிசீவர் வாயில் நேரடியாக மாட்டாதீர்கள். ரிலே அல்லது எலெக்ட்ரானிக் சுவிட்ச் வழியாக, பியூஸ் வைத்து, பாட்டரியிலிருந்து கொடுங்கள். பிரஷ் மோட்டார்கள் எழுப்பும் மின் இரைச்சலை அடக்க 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கண்டென்சர் மூன்று தேவை: இரு முனைகளுக்கிடையே ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டார் கூட்டுக்கு ஒவ்வொன்று. லாமிங்டன் ரோட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் இந்தப் பொருள், விலை உயர்ந்த டிரான்ஸ்மிட்டரின் மானத்தைக் காக்கும்.

கடைக்குப் போகும்போது வேலைப் பட்டியலைச் சட்டைப்பையில் எடுத்துப் போங்கள். கடைக்காரரிடம் விலையைக் கேட்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: "என் பட்டியலில் உள்ள அத்தனையையும் இது இயக்குமா? தொடர்பு அறுந்தால் என் படகு நிற்குமா?" இரண்டுக்கும் 'ஆம்' என்று செய்து காட்டினால் வாங்குங்கள். முதல் கேள்வியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். ராடார் சுழலாவிட்டால் குடி முழுகாது. இரண்டாவதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.