கந்தையும் கணக்கும்



உங்கள் வீட்டில் பழைய புடவை இருக்கிறதா? அதை என்ன செய்வீர்கள்? குழந்தைக்குத் தூளி கட்டுவோம். தலையணை உறை தைப்போம். கரித்துணி ஆக்குவோம். பாத்திரக்காரரிடம் போட்டுக் கிண்ணம் வாங்குவோம்.

எங்கள் மையத்துக்கு ஒரு பாட்டி வருகிறார். நான்கு பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தார். பேரனுக்கு மெத்தென்ற விரிப்பு கிடைத்தது. "இதெல்லாம் ஒரு தொழிலா அம்மா?" என்று சிரித்தார்.

தொழில்தான் பாட்டி! மேற்கு வங்காளத்தில் இது பெரிய கைத்தொழில். அதற்குக் 'காந்தா' என்று பெயர். கிழிந்த துணியை நாம் கந்தை என்கிறோம் அல்லவா? கந்தையும் காந்தாவும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள்.

மேற்கு வங்காளத்தில் பீர்பூம் என்று ஒரு மாவட்டம். அங்கே போல்பூர் என்ற ஊர். அதன் அருகில் சாந்திநிகேதன். கவிஞர் ரவீந்திரநாத் தாகூர் 1921இல் அங்கே விசுவபாரதியைத் தொடங்கினார். சுற்றியுள்ள கிராமங்களில் பெண்கள் பலர் காந்தா தைக்கிறார்கள்.

அப்படி ஒரு பெண்ணின் ஒரு வாரத்தைப் பார்ப்போமா? அவரைத் 'தீதி' என்று அழைப்போம். வங்காளத்தில் தீதி என்றால் அக்கா. இந்தத் தீதி பாடத்துக்காக நாம் படைத்த பெண். ஆனால் ஊர் உண்மை. தொழில் உண்மை.

திங்கள்: துவைக்கும் நாள்

தீதி பழைய பருத்திப் புடவைகளைக் குளத்தில் துவைக்கிறார். வெயிலில் நன்றாகக் காய வைக்கிறார். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று நாம் சொல்வோம். தீதிக்கும் அதுதான் முதல் வேலை.

புதுத் துணியில் கஞ்சி இருக்கும். குழந்தையின் தோலில் உறுத்தும். பல முறை துவைத்த துணி மிருதுவாக இருக்கும். அதனால்தான் பழைய புடவை.

செவ்வாய்: அடுக்கும் நாள்

பக்கத்து வீட்டுப் பெண்கள் வருகிறார்கள். புடவைகளைத் தரையில் விரிக்கிறார்கள். சுருக்கம் இல்லாமல் இழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். சிறிய விரிப்புக்கு 2 அல்லது 3 அடுக்கு போதும். குளிர்காலப் போர்வைக்கு அடுக்கு கூடும். அந்தப் போர்வைக்கு 'லேப் காந்தா' என்று பெயர். டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கே குளிர் அதிகம்.

அடுக்கு நகராமல் இருக்க, முதலில் பெரிய பெரிய தையலாகப் போடுகிறார்கள். இந்த வேலைக்கு ஒரு ஆள் போதாது. கை வேலை செய்கிறது. வாய் ஊர்க்கதை பேசுகிறது.

புதன்: தைக்கும் நாள்

காந்தாவில் முக்கியமானது ஓட்டுத் தையல். ஊசி மேலே வரும், கீழே போகும். இவ்வளவுதான். ஆனால் தையல்கள் சிறியதாக, நெருக்கமாக இருக்க வேண்டும். அப்போது துணியில் சிற்றலை போல மடிப்பு எழும். அதுதான் காந்தாவின் அழகு.

அந்தக் காலத்தில் நூலைக் கடையில் வாங்கவில்லை. பழைய புடவையின் கரையிலிருந்து வண்ண நூலை உருவி எடுத்தார்கள். நடுவில் தாமரை, நான்கு மூலையிலும் மரம், இடையில் மீன், யானை, பறவை என்று தைத்தார்கள்.

வியாழன்: கூலி வாங்கும் நாள்

இன்று காந்தா தையல் புதுத் துணியிலும் பட்டுப் புடவையிலும் போடப்படுகிறது. வியாபாரி துணியும் நூலும் தருவார். துணியில் கோலம் வரைந்திருக்கும். வீட்டில் வைத்துத் தைத்துக் கொடுத்தால் கூலி.

தீதி 3 துப்பட்டா தைத்தார். ஒன்றுக்குக் கூலி 400 ரூபாய். நூற்கண்டின் விலையைக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். ஒரு கண்டு 15 ரூபாய். (கூலியும் விலையும் கணக்குப் பழகுவதற்காகச் சொன்னவை.)

முன்பெல்லாம் தீதி கைநாட்டு வைப்பார். கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவார். இப்போது அவர் எழுத்தறிவு மையத்தில் படிக்கிறார். தன் நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறார்.

கணக்குப்பிள்ளை 1,080 ரூபாய் கொடுத்தார். தீதி பணத்தை எண்ணினார். தன் நோட்டைப் பார்த்தார்.

"அண்ணா, 60 ரூபாய் குறைகிறதே!"

"சரியாகத்தானே இருக்கிறது? நீ 8 நூற்கண்டு வாங்கியிருக்கிறாய்."

"இல்லை அண்ணா. நான் வாங்கியது 4. பழைய சீட்டை எடுங்கள்."

சீட்டை எடுத்தார்கள். அதில் வங்காள எழுத்தில் 4 என்று இருந்தது. வங்காளத்து 4, நாம் எழுதும் 8 போலவே இருக்கும்! பெரிய கணக்குப் புத்தகத்தில் ஏற்றும்போது யாரோ அதை 8 ஆக்கிவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தைத் திருத்தினார். 60 ரூபாயை எடுத்து வைத்தார். அங்கே இன்னும் நான்கு பெண்கள் காத்திருந்தார்கள். அவர்களும் தங்கள் சீட்டைத் தீதியிடம் நீட்டினார்கள்.

அது தெரியாமல் நடந்த தவறாக இருக்கலாம். தெரிந்தே செய்ததாகவும் இருக்கலாம். எதுவானாலும், படிக்கத் தெரியாதவருக்குத்தான் நட்டம்.

வெள்ளி: கொடுக்கும் நாள்

தெருக்கோடியில் ஒரு கூலித் தொழிலாளி வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. திங்களன்று துவைத்த துணியில் தைத்த சிறு விரிப்பைத் தீதி கொண்டு போகிறார். குழந்தையை அதில் சுற்றித் தாயின் மடியில் வைக்கிறார்.

கொடுப்பதிலும் ஒரு முறை உண்டு. அழுக்கை, கிழிசலைத் தள்ளிவிடுவது தானம் ஆகாது. துவைத்து, தைத்து, நாமே பயன்படுத்தும் நிலையில் கொடுக்க வேண்டும். வாங்குபவரின் மானமும் முக்கியம்.

இதைப் பெரிய அளவில் செய்யும் அமைப்பு ஒன்று உண்டு. அதன் பெயர் கூஞ்ச். அன்ஷு குப்தா 1999இல் டெல்லியில் அதைத் தொடங்கினார். நகரங்களில் பழைய துணியைச் சேகரிக்கிறார்கள். பிரித்து, சரிசெய்து கிராமங்களுக்கு அனுப்புகிறார்கள். கிராம மக்கள் கிணறு வெட்டுகிறார்கள், பாதை போடுகிறார்கள். அந்த உழைப்புக்கு மரியாதையாகத் துணி தரப்படுகிறது. மிஞ்சிய துண்டுத் துணியிலும் விரிப்பு தைக்கிறார்கள். அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது.

சனி: சந்தை நாள்

சாந்திநிகேதன் அருகில் செம்மண் பள்ளங்கள் நிறைந்த இடம் ஒன்று உண்டு. அங்கே சோனாஜூரி மரங்களின் நிழலில் சந்தை கூடும். முதலில் சனிக்கிழமை மட்டும் கூடியது. அதனால் 'சனிக்கிழமைச் சந்தை' என்றே பெயர் வந்தது. இப்போது மற்ற நாட்களிலும் கடை போடுகிறார்கள்.

தீதியும் தோழியும் டோட்டோவில் போகிறார்கள். மின்கலத்தில் ஓடும் ரிக்ஷாவுக்கு அங்கே டோட்டோ என்று பெயர். தரையில் துணி விரித்துக் கடை போடுகிறார்கள். ஒரு பக்கம் பாவுல் பாடகர்கள் எக்தாரா மீட்டிப் பாடுகிறார்கள். தீதிக்கு இது சந்தையும் தான், திருவிழாவும் தான்.

"விலை அதிகமாக இருக்கிறதே?" என்கிறார் ஒருவர். தீதி துணியைத் திருப்பிக் காட்டுகிறார். அச்சடித்த துணியில் பின்பக்கம் தையல் இருக்காது. கையால் தைத்ததில் இருபக்கமும் தையல் தெரியும். எத்தனை நாள் உழைப்பு என்றும் சொல்கிறார். அவர் வாங்கிக்கொள்கிறார்.

மேற்கு வங்காளத்தின் நக்ஷி காந்தாவுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பீர்பூமைச் சேர்ந்த காந்தா கலைஞர் தக்தீரா பேகம் 2024இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஞாயிறு: பெயர் எழுதும் நாள்

மாலையில் மையத்தில் ஆசிரியை ஒரு செய்தி சொல்கிறார். 19ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காக ஒரு காந்தா தைத்தார். அதில் தன் பெயரையும் நூலாலேயே எழுதினார். பெண்கள் படிப்பதே அரிதாக இருந்த காலம் அது! குருசதய் தத் என்ற அதிகாரி ஊர் ஊராகப் போய்க் கைவினைப் பொருட்களைச் சேர்த்தார். அந்தச் சேகரிப்பில் மானதாசுந்தரியின் காந்தாவும் இருக்கிறது. கொல்கத்தா அருகே ஜோகாவில் அவர் பெயரில் அருங்காட்சியகம் உள்ளது.

காந்தா தைத்த எத்தனையோ பெண்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் கைவேலை மட்டும் இருக்கிறது. பெயர் எழுதியவரை நாம் இன்றும் பெயர் சொல்லிப் பேசுகிறோம்.

அன்று இரவு தீதி விளக்கடியில் உட்கார்ந்தார். தன் போர்வையின் மூலையில் பென்சிலால் பெயர் எழுதினார். அதன்மேல் சிவப்பு நூலால் தைத்தார். முதல் எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. அதைப் பிரிக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டார்.

எங்கள் பாட்டிக்கு இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டினேன். மறுநாள் விரிப்பை மறுபடியும் கொண்டு வந்தார். "என் பேரைத் துணியில் எழுதிக் கொடு, தைக்கிறேன்" என்றார். "நீங்களே எழுதுங்கள் பாட்டி" என்றேன். எழுதினார்.

பயிற்சி

1. படித்துச் சொல்லுங்கள்: கந்தை, அடுக்கு, நூற்கண்டு, துப்பட்டா, கைநாட்டு, சந்தை.

2. விடை சொல்லுங்கள்: பழைய புடவை ஏன் குழந்தைக்கு நல்லது? கையால் தைத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

3. கணக்குப் போடுங்கள்: தீதிக்கு மொத்தக் கூலி எவ்வளவு? 4 நூற்கண்டுக்கு எவ்வளவு பிடிக்க வேண்டும்? கையில் வர வேண்டியது எவ்வளவு?

4. கலந்து பேசுங்கள்: உங்களுக்குக் கூலிச் சீட்டு தருகிறார்களா? அதில் என்ன எழுதியிருக்கிறது? அடுத்த வகுப்புக்கு எடுத்து வாருங்கள். சேர்ந்து படிப்போம்.

5. எழுதுங்கள்: நீங்கள் கையால் செய்த ஒரு பொருளின் பெயர். அதன் கீழே உங்கள் பெயர்.