கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு

2022-ஆம் ஆண்டு அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை. தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரங்கள் இருந்தன. இரவு மணி 9.17க்கு ஈப்போ நகரின் மீதும், அதைச் சுற்றிச் செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்ட பழைய ரப்பர் தோட்டங்களின் மீதும், மேற்கு வானிலிருந்து ஒரு பேரொளி வரத் தொடங்கியது. அதுவரை கருவிகளில் பதிவான காமா கதிர் வெடிப்புகளிலேயே மிகப் பிரகாசமானது அதுதான். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் இப்படிப்பட்ட ஒன்று பூமியை எட்டும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். பேராக் மக்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது.

காமா கதிர் நம் கண்ணுக்குப் புலப்படாது; வளிமண்டலமும் அதைத் தடுத்துவிடும். ஆகவே, அதை முதலில் கண்டது விண்வெளியில் இருந்த ஃபெர்மி செயற்கைக்கோள். ஸ்விஃப்ட் என்னும் மற்றொரு செயற்கைக்கோளுக்கு அந்நேரம் பூமியே குறுக்கே நின்று மறைத்தது. ஏறக்குறைய 53 நிமிடங்கள் கழித்து அது அதே திசையில் பிரகாசமான எக்ஸ்-கதிர்களைக் கண்டது. அந்தத் திசையில் நம் பால்வீதி மண்டலம் இருந்ததால், அது நம் மண்டலத்தைச் சேர்ந்த புதிய பொருள் என்றே முதலில் அறிவித்தார்கள். ஃபெர்மியின் பதிவோடு ஒப்பிட்ட பிறகே உண்மை புரிந்தது. சிலி நாட்டுத் தொலைநோக்கி ஒன்று தூரத்தை அளந்தது. அந்த ஒளி புறப்பட்டு 1.9 பில்லியன் ஆண்டுகள் ஆகியிருந்தன!

ஸ்விஃப்ட் கண்டது வெடிப்பை அன்று; அதன் பின்னொளியை. பழைய தோட்ட லயங்களில் விறகடுப்பு மூட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தீ அணைந்த பிறகும் கங்கு சிவந்திருக்கும். கங்கு கறுத்த பிறகும் கையை நீட்டினால் சூடு தெரியும். பெரிய விண்மீன் ஒன்று சரிந்து கருந்துளையாகும்போது, ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பீறிடும் பொருள் சுற்றியுள்ள வாயுவில் மோதுகிறது. அந்த மோதலே பின்னொளியைத் தருகிறது. அது எக்ஸ்-கதிராகவும், கண்ணுக்குத் தெரியும் ஒளியாகவும், அகச்சிவப்பாகவும், வானொலி அலையாகவும் வெளிப்படும். நாளுக்கு நாள் மங்கும். தாமதித்தால் தடயம் போய்விடும்.

அதனால்தான் பல நாட்டுக் கருவிகள் உடனே அத்திசைக்குத் திரும்பின. லடாக்கின் ஹன்லே மலையில் உள்ள 70 சென்டிமீட்டர் இந்தியத் தொலைநோக்கியும் அவற்றுள் ஒன்று. ஈப்போவிலிருந்து ஏறக்குறைய நேர் வடக்கே, சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில், 4,410 மீட்டர் உயரத்தில் லாசோ ஆய்வகம் இருக்கிறது. மிகு ஆற்றல் கொண்ட காமா கதிர்கள் காற்றில் மோதிச் சிதறும் துகள்களை அது பதிவு செய்யும். முதல் 50 நிமிடங்களில் மட்டும் அத்தகைய 60,000-க்கும் மேற்பட்ட கதிர்களை அது கண்டறிந்தது. வெடிப்பு அப்போது ஏறக்குறைய குஜராத் கடற்கரைக்கு நேர் உச்சியில் இருந்தது. இந்தியாவில் மின்னலைக் கண்டறியும் கருவிகள்கூட அதனால் தூண்டப்பட்டன.

ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் பிறகு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்பு ஒளியில் அதே இடத்தை ஆராய்ந்தது. வெடித்த விண்மீனின் எச்சம் தெரிந்தது. ஆனால், தங்கம், பிளாட்டினம் போன்ற கன உலோகங்கள் உருவானதற்கான அடையாளம் தென்படவில்லை. 2017-இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியபோது அத்தகைய அடையாளம் கிடைத்திருந்தது. ஈப்போ லிட்டல் இந்தியாவின் நகைக்கடைகளில் மின்னும் தங்கம் முழுவதும் அத்தகைய மோதல்களில்தான் பிறந்ததா, வேறு பிறப்பிடமும் உண்டா? விடை தேடுவோர் அடுத்த வெடிப்புக்காகக் காத்திருக்கிறார்கள்.